மூலையில் ஒரு கறை

செப்டம்பர் 11

கண் டாக்டரிடம் போய் வந்தேன். வலது கண்ணில் புரை நன்றாக முற்றிவிட்டதாம். "எப்ப வேணும்னாலும் பண்ணிக்கலாம், அவசரமில்லை" என்றார். மார்ச்சில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குக் கண் தேவைப்படுவது வருகிற பிப்ரவரியில் அல்ல, அதற்கும் அடுத்த பிப்ரவரியில். இன்னும் பதினேழு மாதம் இருக்கிறது.

பதினேழு மாதம் கழித்துத் தூங்குமூஞ்சி தூங்கப் போகிறாள். நட்சத்திரப் பட்டியலில் அவளுக்கு நீளமான ஓர் எண் உண்டு. எனக்கு அவள் தூங்குமூஞ்சிதான். மற்ற நாளெல்லாம் சாதுவாக எரிந்துகொண்டிருப்பாள். இருபத்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மூன்று வாரம் மட்டும் மூன்றில் ஒரு பங்காக மங்கிப்போவாள். அவளுக்கு முன்னால் ஏதோ ஒரு பெரிய தூசுப் படலம் கடந்துபோகிறது என்பது என் ஊகம். இந்தச் சுற்றைக் கண்டுபிடித்தது நான். வானாய்வகத்துக்கு முதல் பெண் இயக்குநராக என்னை உட்கார வைத்தது அவள். அடுத்த முறை எந்த மாதம் மங்குவாள் என்று அன்றே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் சொன்னபடி அவள் செய்தால் என் வாழ்க்கை சரி. செய்யாவிட்டால்? அதை இன்றைக்கு எழுத வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார்: "டாக்டர் என்ன சொன்னார்?" "புரை." "எனக்கு முப்பது வருஷமா தெரியும். நான் சட்டையை மாத்திப் போட்டா உனக்குத் தெரியவே தெரியாதே." பத்திரிகை அச்சகத்தில் பிழை திருத்திய மனிதர். ரிட்டயர் ஆகியும் பழக்கம் போகவில்லை. என் கண்ணிலும் பிழை பார்க்கிறார்.

செப்டம்பர் 12

மழை. ஒன்றும் எழுதுவதற்கில்லை. மூட்டு வலி, இவருக்கு.

செப்டம்பர் 20

வானாய்வகத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். பழைய கண்ணாடித் தட்டுகளை எல்லாம் ஸ்கேன் செய்கிறார்கள். பதினோராயிரம் தட்டு. அந்தக் காலத்தில் ஃபிலிமில் எடுக்க மாட்டோம், கண்ணாடியில்தான் வானத்தைப் படம் பிடிப்போம். தட்டில் வானம் வெள்ளை, நட்சத்திரம் கறுப்பு. அளக்கும்போது கண்ணாடியின் பின்பக்கத்தில் மையால் அம்பும் வட்டமும் எண்ணும் போட்டு வைப்போம். சிவப்பு மை என்றால் நான்.

அந்தச் சிவப்பைத்தான் இப்போது கழுவுகிறார்கள்!

கழுவுகிறவள் நாற்பது வயதுக்காரி. கை உறையும் பஞ்சுமாக உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தட்டைப் பார்த்தாலே கழுவத் துடிக்கிற கை. மனசுக்குள் 'சோப்பு' என்று பெயர் வைத்துவிட்டேன்.

"மையோட ஸ்கேன் பண்ணினா கம்ப்யூட்டர் உங்க அம்பையும் நட்சத்திரம்னு எண்ணிடும் மேடம்."

"எண்ணட்டுமே. எவ்வளவு வேலை பார்த்து வரைஞ்ச அம்பு தெரியுமா அது?"

"கழுவுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துடுவேன். எதுவும் போகாது."

போகாதாம். முப்பத்தைந்து வருஷ வேலை பஞ்சில் இளஞ்சிவப்பாக வந்து குப்பைக் கூடையில் விழுகிறது, போகாதாம். கோபத்தில் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அடுத்த தட்டை எடுத்தாள். கடைசியில் ஒரு வாக்கு வாங்கினேன். நான் தனியாக எடுத்த முதல் தட்டை மட்டும், பக்கத்தில் நான் இல்லாமல் தொடக்கூடாது.

அக்டோபர் 3

தூக்கம் சரியில்லை. கழுவிய தட்டுகள் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன.

முதல் நாள் நினைவு வந்தது. இருபத்திரண்டு வயது. அப்போது இயக்குநராக இருந்தவரைப் 'பெரியவர்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் மதிப்பெண் பட்டியலை இரண்டு முறை புரட்டினார். "கணக்கெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கே. பகல்ல உக்காந்து கணக்குப் போடு. ராத்திரி டோம்ல ஒரு பொண்ணு தனியா நின்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்றார். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். அக்காதான் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "தனியாத்தானே நிக்கக் கூடாது? நான் வர்றேன்."

இரண்டு வருஷம் வந்தாள். பாவம், வானத்தில் அவளுக்கு ஒரு துளி ஆர்வம் கிடையாது. இரும்புப் படி ஏறித் தொலைநோக்கி இருக்கிற டோமுக்கு வந்து, ஒரு நாற்காலியில் சுருண்டு, போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். "நீ நட்சத்திரத்தைப் பாரு. நான் உன்னைப் பாத்துக்கறேன்" என்பாள். ஐந்து நிமிஷத்தில் குறட்டை. தட்டின் உறையில் 'துணை' என்று ஒரு கட்டம் உண்டு, உதவியாளர் பெயர் எழுதுவதற்கு. பெரியவர் உத்தரவு: என் தட்டுகளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் தட்டே செல்லாது. ஆகவே இரண்டு வருஷத் தட்டுகள் எல்லாவற்றிலும் அக்கா பெயர் இருக்கிறது. விஞ்ஞான உலகத்திலேயே அதிகம் தூங்கிய உதவியாளர் என் அக்காவாகத்தான் இருக்கும்.

பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. வாட்ச்மேன் வீட்டுக்கு ஓடுவோம், இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு. எதற்கோ சிரித்துக்கொண்டே ஓடுவோம். எதற்கு என்று ஞாபகமில்லை.

ஆறு வருஷமாகிறது அவள் போய்.

அக்டோபர் 28

இப்போதைய இயக்குநர் வீட்டுக்கே வந்தார். என்னிடம் ஆராய்ச்சி செய்தவர்தான். ஐம்பதைத் தாண்டிவிட்டார், இன்னும் என் முன்னால் காலை ஆட்ட மாட்டார். அவள் தூங்கப் போகிற அந்தப் பிப்ரவரிக்கு ஆறு நாட்டுத் தொலைநோக்கிகளில் நேரம் கிடைத்துவிட்டதாம். தூங்குமூஞ்சியை மாற்றி மாற்றிப் பார்ப்பார்களாம். விழா வேறு வைக்கிறார்களாம், டோமுக்கு என் பெயராம்.

"அது மங்கட்டும், அப்புறம் பெயர் வைக்கலாம்" என்றேன்.

"நீங்க தேதி சொல்லி தப்பியிருக்கா மேடம்?"

தப்பியதில்லை. வானாய்வகத்தில் என் பட்டப்பெயரே 'தேதியம்மா'. தேதி போடாத தட்டை எவன் கொண்டுவந்தாலும் தூக்கி மேஜையில் போடுவேன். "இது என்ன, தாய் தகப்பன் தெரியாத தட்டா?" என்பேன். எத்தனை பேர் என்னிடம் அழுதிருக்கிறார்கள்.

அயல்நாட்டுப் பேராசிரியர் ஒருவர் மட்டும் இன்னும் மசியவில்லை. 'இரண்டு முறை மங்கியதை வைத்துக்கொண்டு மூன்றாவது எப்போது என்று சொல்வது ஜோசியம்' என்று எழுதியவர். அவரும் அந்தப் பிப்ரவரியில் பார்க்கப் போகிறாராம். பார்க்கட்டும்.

நவம்பர் 16

இன்று சோப்பு கேட்டாள், இந்த நட்சத்திரத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. யாரும் இப்போதெல்லாம் கேட்பதில்லை. எல்லாரும் படித்துவிட்டு வருகிறார்கள். கேட்டதும் எனக்கு வாய் மூடவில்லை.

நாற்பத்தாறு வயதில். ஒரு ஜனவரி இருபத்தொன்று. வேறு எதையோ அளப்பதற்கு எடுத்த தட்டில், தினமும் பார்க்கிற ஒரு நட்சத்திரம் சின்னதாகத் தெரிந்தது. மறுநாளும் எடுத்தேன். மூன்று வாரம் விடாமல் எடுத்தேன். மெல்ல மெல்ல விழித்துக்கொண்டாள். சரி, இதற்கு முன்னால் எப்போதாவது தூங்கியிருக்கிறாளா? கிடங்கில் இறங்கினேன். அவள் பதிந்திருக்கக்கூடிய தட்டு ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். எட்டு மாதம். தூசியில் மூச்சு முட்டும். இவர் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே வருவார். வருகிற வழியில் உறைகளில் எழுத்துப்பிழை இருந்தால் பென்சிலால் திருத்துவார்.

எட்டாவது மாதம் ஒரே ஒரு தட்டில் கிடைத்தாள். மங்கிப்போய். தேதி ஜனவரி 5. அந்த எழுத்து, வளைவு, எல்லாம் எங்கேயோ பார்த்ததாக இருந்தது. என் எழுத்து! நான் டோமில் தனியாக நின்று எடுத்த முதல் தட்டு. இருபத்து நாலு வயதில் என் கையிலேயே இருந்திருக்கிறாள், அப்போது நான் அளந்தது வேறு நட்சத்திரத்தை. தரையில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன். இவர் பயந்துபோய் "பல்லி ஏதாச்சும் விழுந்துச்சா?" என்றார்.

அந்த இரண்டு வருஷத்துப் பதிவேடுகள் கூரை ஒழுகிக் கூழாகிப் போயிருந்தன. அதனால் என்ன? உறையில் என் கையால் வருஷம் எழுதியிருக்கிறது. என் கையெழுத்தை நானே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவது? கழித்துப் பார்த்தேன். இருபத்து மூன்று வருஷம் பதினாறு நாள்.

"அன்னிக்கு ஏன் தனியா எடுத்தீங்க?" என்றாள் சோப்பு. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

டிசம்பர் 2

இவர் என் கட்டுரைகளை எல்லாம் அடுக்கி வைக்கிறார், விழா மலருக்காக. "அந்தப் பெரிய கட்டுரையை நாலு தடவை புரூஃப் பாத்தேன். ஒரு புள்ளி தப்பில்லை" என்று பெருமை.

டிசம்பர் 29

முதல் தட்டைக் கழுவினார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போட்டோ எடுத்தாள். சிவப்பு அம்பு பஞ்சில் வந்தது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு மூலையில் ஒட்டியிருந்த லேபிளை ஈரத்தால் ஊற வைத்தாள். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று. 

லேபிளை எல்லாரும் மேல் ஓரத்தில்தான் ஒட்டுவோம். அந்தத் தட்டில் மட்டும் நான் கீழ் மூலையில் ஒட்டினேன். காரணம், அந்த மூலையில் ஒரு கறை. கொட்டைப்பாக்கு அளவு கறுப்பு. இருட்டறையில் கை தவறி மருந்தைச் சிந்திவிட்டேன் என்று நினைத்தேன். முதல் முதலாகத் தனியாக எடுத்த தட்டு. பெரியவர் பார்த்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "இதுக்குத்தான் சொன்னேன்" என்பார். மற்ற பையன்கள் கறை போட்டால் அது வெறும் கறை. நான் போட்டால் அதற்குப் பிறகு வருகிற எல்லாப் பெண்களின் கறை. லேபிளை எச்சில் தொட்டு அதன் மேலே ஒட்டினேன். எத்தனையோ வருஷம், எத்தனையோ பேர் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டார்கள். அந்த மூலையை யாரும் பார்க்கவில்லை. நானே மறந்துபோனேன்.

லேபிள் உரிந்தது. சோப்பு லென்ஸை வைத்துக் குனிந்தாள்.

"மேடம், இது கறை இல்லை."

"கறைதான். மருந்து."

"மருந்துக் கறைக்கு வளையம் வருமா? சுத்தி மெல்லிசா ஒரு வளையம் இருக்கு பாருங்க."

பார்த்தேன். இடது கண்ணால் பார்த்தேன். இருந்தது. ரொம்பப் பிரகாசமான ஒன்று தட்டில் பதிந்தால், வெளிச்சம் கண்ணாடியின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பி இப்படி ஒரு வளையம் போடும். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பாடமே எடுத்திருக்கிறேன்.

தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 30

கறைதான்.

ஜனவரி 2

கறை இல்லை. வியாழன்.

மூன்று நாள் தள்ளிப்போட்டுப் பார்த்தேன், முடியவில்லை. பழைய பஞ்சாங்கக் கணக்கை எடுத்து உட்கார்ந்தேன். வியாழன் ஒரே இடத்தில் நிற்கிற ஆளில்லை. வருஷத்துக்கு முப்பது டிகிரி நகர்ந்துவிடுவான். உறையில் இருக்கிற வருஷத்து ஜனவரியில் அவன் அந்தப் பக்கமே இல்லை. அடுத்த வருஷம் ஜனவரி 5: டாண் என்று அந்த மூலையில். தட்டுக்கு வெளியே விழுவான் என்று அன்றைக்குக் கணக்குப் போட்டிருப்பேன். படபடப்பில் தொலைநோக்கியை ஒரு விரற்கடை தள்ளித் திருப்பியிருப்பேன்.

அப்படியானால் உறையில் இருக்கிற வருஷம் தப்பு. புது வருஷம் பிறந்து ஐந்தாம் நாள். பழைய வருஷத்தையே எழுதியிருக்கிறேன். ஜனவரியில் எல்லாரும் செய்கிற தப்பு. தேதியம்மா செய்த தப்பு.

அப்படியானால் இடைவெளி இருபத்து மூன்று இல்லை, இருபத்திரண்டு. அப்படியானால் அவள் தூங்கப் போவது அடுத்த வருஷம் இல்லை.

இந்தப் பிப்ரவரி. முதல் வாரம், கொஞ்சம் முன்னே பின்னே. இன்னும் ஐந்தே வாரம். ஒரு தொலைநோக்கியும் அவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

சொன்னால்? டோமுக்கு வைக்கிற பெயர், விழா, மலர் எல்லாம் போகட்டும். 'கடைசியில தேதியிலேயே கோட்டை விட்டாங்க பாருங்க' என்று சிரிப்பார்கள். சொல்லிவிட்டு, இந்தப் பிப்ரவரியிலும் அவள் மங்காவிட்டால்? இரண்டு தப்பு. கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள். சொல்லாவிட்டால்? யாரும் பார்க்காமல் தூங்கி எழுந்துவிடுவாள். அடுத்த வருஷம் ஆறு நாட்டுத் தொலைநோக்கியும் அவள் முழித்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும். மறுபடி அவள் தூங்கும்போது எனக்குத் தொண்ணூறு.

ஒருவேளை வேறு ஏதாவது வெளிச்சமாக இருக்கலாம். டோமுக்குள் யாராவது டார்ச் அடித்திருக்கலாம். யார் அடித்தார்கள்? தனியாகத்தானே இருந்தேன்!

லேபிளை மறுபடி ஒட்டிவிட்டால் என்ன என்று கூட நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 5

அக்கா மகளுக்குப் பிறந்தநாள். வருஷா வருஷம் காலையில் முதல் போன் என்னுடையதுதான். ஊர் ஊராகப் பல் பிடுங்குகிற டாக்டர், ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள்.

"எத்தனை வயசுடி உனக்கு?"

"கேக்காதீங்க சித்தி. நாப்பத்தி நாலு. தலைக்கு டை அடிக்கிறதை நிறுத்திட்டேன்."

"நாப்பத்தி அஞ்சு இல்லையா?"

"ஏன் சித்தி, ஒரு வருஷம் சேத்துக் குடுக்கறீங்க? பர்த் சர்டிபிகேட் காட்டவா?"

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பிறந்த இரவுதான் அந்தத் தட்டை எடுத்த இரவு. உறையில் இருக்கிற வருஷம் சரியென்றால் இன்று அவளுக்கு நாற்பத்தைந்து ஆகியிருக்க வேண்டும். அக்கா ஒன்பதாம் மாதத்திலும் மூச்சு வாங்கப் படியேறி வந்துகொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் வலி எடுத்துவிட்டது. மாமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நானும் போயிருக்க வேண்டும். ஆனால் மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த நேரம் அது, வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. வலிக்கு நடுவில் அக்காவே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "போடி. நீ இங்க நின்னா மட்டும் சீக்கிரம் பொறந்துடுமா?"

போனேன். "அக்கா வரலையாம்மா?" என்று கேட்டார் வாட்ச்மேன். "பின்னாடி வர்றாங்க" என்றேன். ஒன்றரை மணி நேரம் தனியாக நின்றேன், தொலைநோக்கி வில்லையின் குறுக்குக் கம்பியை விட்டு நகராமல் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, மனசு முழுக்க ஆஸ்பத்திரியில். குளிரில் அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. யாருமே இல்லை, நானும் வானமும் மட்டும். தட்டைக் கழுவிக் காயவைத்து, உறையில் தேதி எழுதி, 'துணை' என்ற கட்டத்தில் அக்கா பெயரை எழுதினேன். பொய். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

நாற்பத்து நாலு வருஷமாக அவளுக்கு வாழ்த்துச் சொல்கிறேன். வயதைக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை கூட விரல் விட்டு எண்ணவில்லை. நட்சத்திரத்துக்கு எட்டு தசம ஸ்தானம் வரைக்கும் கணக்குப் போட்டவள்.

இனிமேல் டார்ச் வெளிச்சம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள முடியாது.

ஜனவரி 6

இவரிடம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன், கறை, லேபிள், வருஷம், எல்லாம்.

 "அப்ப நாலு தடவை புரூஃப் பாத்தும் நான் விட்டுட்டேன்" என்றார்.

"உறையில இருந்ததை அப்படியே எழுதினேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூலத்தோட ஒப்பிட்டுப் பாக்கணும்மா. அதான் வேலை."

"மூலத்துலயே நான்தானே தப்பா எழுதியிருக்கேன்!"

"சரி விடு. தப்பு கண்டுபிடிச்சாச்சு. இனிமே என்ன? திருத்தம் போட வேண்டியதுதான். நாங்க தினமும் போடுவோம், மூணாம் பக்கத்துல, கீழ. யாரும் செத்துப்போகலை."

இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டில் பாதியைத் தள்ளுபடி செய்கிறேன்.

ஜனவரி 8

இயக்குநர் அறை. ஒரு காலத்தில் என் அறை. சொல்லி முடித்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், ஒண்ணு பண்ணலாம். சும்மா ஒத்திகைன்னு சொல்லி இந்த மாசமே நம்ம தொலைநோக்கியை மட்டும் திருப்பிடறேன். மங்கினா அப்ப எல்லாருக்கும் சொல்லிக்கலாம். மங்கலைன்னா, யாருக்கும் தெரிய வேண்டாம். உங்க பேர் எனக்கு முக்கியம்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கும் ஒரு நிமிஷம் நாக்கில் தண்ணீர் ஊறியது.

"நம்ம ஊர்ல மேகம் வந்தா?" என்று கேட்டேன்.  "ஆறு நாட்டுலயும் பாக்கணும். அவங்க ஏன்னு கேப்பாங்க. அதுக்கு நான்தான் பதில் சொல்லணும். லேபிள் ஒட்டற வேலையை இருபத்து நாலு வயசுல ஒரு தடவை பண்ணிட்டேன்பா. போதும்."

வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினேன். முதல் வரியிலேயே 'என் தவறு' என்று எழுதினேன். ஒரு பக்கம். இவரிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். முதல் வரிக்கே வரவில்லை, பேனா நின்றுவிட்டது. மேல் மூலையில் ஒரு வட்டம் போட்டார்.

தேதி. ஜனவரி 8. பக்கத்தில் போன வருஷம்.

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். இவர் வட்டம் போட்ட தாளைத் தர மாட்டேன் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். புதுத் தாளில் எழுதி அனுப்பினேன்.

ஜனவரி 19

பதில்கள் வர ஆரம்பித்திருக்கின்றன. மூன்று இடத்தில் நேரம் மாற்ற முடியாதாம். இரண்டு இடத்தில் சரி என்றார்கள். பேராசிரியரிடமிருந்து ஒரே வரி: 'வியாழனைக் கறை என்று மறைத்த முதல் வானியலாளர் நீங்கள்தான், இன்றிரவே பார்க்கத் தொடங்குகிறேன்.' கிண்டலா மரியாதையா தெரியவில்லை. பார்க்கிறார் அல்லவா, அது போதும்.

வானாய்வகத்தில் காபி இடைவேளையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. அதைவிட மோசம், ஒருவன் எழுந்து நாற்காலி கொடுத்தான்.

ஜனவரி 27

தூங்குமூஞ்சி நன்றாக முழித்திருக்கிறாள். ஒரு துளி குறையவில்லை.

எனக்குப் பார்க்கவும் வழியில்லை. பைனாகுலரில் தெரியக்கூடியவள்தான். ஆனால் என் கண்ணுக்கு எல்லாமே மங்கல், அவள் மங்கினாளா என் கண் மங்கியதா என்று எப்படிச் சொல்வது? புரையை மார்ச்சுக்குத் தள்ளிப்போட்ட புத்திசாலி நான். ஆகவே இவரை மொட்டை மாடிக்கு ஏற்றினேன், முழங்கால் வலியோடு. நாற்பத்தொரு வருஷ தாம்பத்தியத்தில் முதல் தடவையாக என் வேலையைப் பார்க்கிறார்.

"மூணு நட்சத்திரம் கோணலா தெரியுதா? நடுவுல இருக்கிறது நம்மாளு. இடது பக்கத்து ஆளோட ஒப்பிட்டுச் சொல்லுங்க. எது அதிகப் பிரகாசம்?"

"நடுவுல இருக்கிறது."

"நிச்சயமா?"

"ஒரு காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் வித்தியாசம் பாத்துச் சம்பளம் வாங்கினவன்மா நான்."

ஜனவரி 31

மேகம்.

பிப்ரவரி 1

மேகம். இயக்குநர் போன் செய்து, சாப்பிட்டீர்களா மேடம் என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. 

பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது? அறுபத்தெட்டு வயதில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். அக்கா இருந்தால் இந்நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் குறட்டை பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயமே வந்ததில்லை.

பிப்ரவரி 4

சாயங்காலம் வானம் விட்டது. ஏழரைக்கு மாடி ஏறினோம். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர் வாயில் நான் வார்த்தையைப் போட்டுவிடக் கூடாது. பைனாகுலரைக் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

ரொம்ப நேரம் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். மறுபடி பார்த்தார்.

"ஏங்க?"

"இரும்மா. மூலத்தோட ஒப்பிடறேன்."

இன்னும் கொஞ்ச நேரம்.

"இடது பக்கத்து ஆளு பெரிசு. நடுவுல இருக்கிறது சின்னதாயிடுச்சு. முந்தி இப்படி இல்லை. உன் ஆளு தூங்கறா."

கீழே போன் அடித்தது. இயக்குநராக இருக்கும். இரண்டு பேருமே இறங்கவில்லை. "குடுங்க" என்று வாங்கி நானும் பார்த்தேன். எனக்கு எல்லாமே ஒரே மங்கல்தான். இருந்தாலும் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இவர் தோளில் கை வைத்திருந்தார்.

பிப்ரவரி 17

மூன்று இடத்தில் அளந்துவிட்டார்கள். இங்கே, இன்னும் இரண்டு நாட்டில். பேராசிரியர் வளைகோடு வரைந்து அனுப்பியிருக்கிறார். கீழே, 'ஜோசியம் பலித்தது' என்று. இயக்குநர் மறுபடி டோமுக்குப் பெயர் என்று ஆரம்பித்தார். முதலில் அங்கே பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் போடச் சொன்னேன், இரண்டு வருஷமாக உடைந்து கிடக்கிறது.

கண் ஆபரேஷன் மார்ச் மூன்று.

கிடங்குக்குப் போனேன். முதல் தட்டுக்குப் புது உறை போடப்போகிறாளாம் சோப்பு. "பழசுல இருக்கிறதை நீங்களே பாத்துத் திருத்திக் குடுத்துடுங்க மேடம், அப்படியே பதிவு பண்ணிடறேன்" என்றாள். பிறகு மெதுவாக, "எனக்கு நீங்க வெச்ச பேர் தெரியும்" என்றாள். இயக்குநரிடம் ஒரு நாள் உளறியிருந்தேன், அவர் வாய் சும்மா இருக்காது.

சிவப்பு மையை எடுத்தேன். வருஷத்தை அடித்துச் சரியாக எழுதினேன், பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். 'குறிப்பு' என்ற கட்டம் இத்தனை நாளும் காலி. அதில் 'கீழ் மூலையில்: வியாழன்' என்று எழுதினேன்.

அடுத்த கட்டம் 'துணை'. அக்கா பெயர். இருபத்து நாலு வயதுக் கையெழுத்தில், அவசரமாக.

"அதுல ஏதாவது திருத்தணுமா மேடம்?"

பேனாவை மூடி வைத்தேன். "இல்லை" என்றேன். "அது சரியாத்தான் இருக்கு."